லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா? மாற்றாக எதைப் போடலாம்

ஆன் செய்து டெஸ்க்டாப் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. அப்புறம் ஒருநாள் உள்ளேயிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே முதல் கேள்வியே இதுதான்: "அதே மாதிரி ஹார்ட் டிஸ்க் போட்டுடவா, இல்ல எஸ்எஸ்டி போடவா சார்?"

2017 முதல் 2019 வரை நம் ஊர்க் கடைகளில் விற்ற 15.6 இன்ச் பட்ஜெட் லேப்டாப்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் 1 டிபி, 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், 4 அல்லது 8 ஜிபி ராம். இந்த மெஷின்கள் இன்னும் நிறைய வீடுகளில் ஓடுகின்றன, அவற்றின் டிஸ்க்குகள் இப்போது ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் இருக்கும் டிரைவாக இனி ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டாம், பென் டிரைவ் போலச் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியே போடுங்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. எந்த வகை எஸ்எஸ்டி, எவ்வளவு ஜிபி, பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்பவைதான் யோசிக்க வேண்டிய கேள்விகள். காசு வீணாவதும் அங்கேதான்.

அதே ஹார்ட் டிஸ்க்கையே போட்டால்

ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பழசாகிவிட்டது மட்டுமில்லை. 5400 ஆர்பிஎம் என்றால் உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம், தட்டைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஹெட்டைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிசெகண்ட் போல ஆகும். கூட்டிப் பார்த்தால் ஒரு நொடிக்குள் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் ஃபைல்களில் ஏறத்தாழ 60 துண்டுகளைத்தான் எடுக்க முடியும். ஒரு துண்டு 4 கேபி என்று வைத்தால் நொடிக்கு 240 கேபி. பெட்டியில் '140 எம்பி வேகம்' என்று போட்டிருப்பது ஒரே பெரிய சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது கிடைப்பது. விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பதோ ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடி எடுக்கிற வேலை. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லிசெகண்ட் போதும்.

புது ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் 7 மிமீ தடிமனுள்ள 1 டிபி லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. ஓடு வேய்ந்த கூரையில் ஒரு வரிசை ஓட்டின் மேல் அடுத்த வரிசை ஏறி உட்காருவதுபோல, இதில் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். படிக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் அப்டேட் இறங்கும் நாளில் தெரியும். எஸ்எம்ஆர் என்பதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குகள் சிலவற்றில் இதைச் சொல்லாமல் விற்றது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. ஆகவே எட்டு வருடம் ஓடிய பழைய டிஸ்க்கைவிட, எழுதும் வேலையில் மோசமான ஒரு புது டிஸ்க்கை நீங்கள் வாங்கிக்கொண்டு வர நிஜமாகவே வாய்ப்பு உண்டு.

7200 ஆர்பிஎம் பழைய டிஸ்க் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது என்பார்கள். அரைச் சுற்றுக் காத்திருப்பு 5.6-லிருந்து 4.2 மில்லிசெகண்டாகக் குறையும், அவ்வளவுதான். அதற்காக யாரோ ஆறு வருடம் ஓட்டிய டிஸ்க்கை நம்ப வேண்டுமா? 8 ஜிபி ஃபிளாஷ் சேர்த்த ஹைப்ரிட் டிஸ்க் என்று ஒன்றும் ஒரு காலத்தில் வந்தது. அதன் காலம் முடிந்துவிட்டது, கடைக்காரர் அலமாரியின் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாலும் வேண்டாம்.

சரி, ஹார்ட் டிஸ்க் பக்கம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஒரே காசுக்கு அதிக இடம். 1 டிபி ஹார்ட் டிஸ்க்கின் விலைக்கு எஸ்எஸ்டியில் பாதி இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். எஸ்எஸ்டி விலையோ நிலையாக நிற்காத சாமான். 2023 நடுவில் தரைமட்டத்துக்கு இறங்கியது, 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் மறுபடி ஏற ஆரம்பித்தது. கல்யாண வீடியோ, பத்து வருட போட்டோ என்று 700 ஜிபி வைத்திருப்பவருக்கு இது நியாயமான கவலை. அவருக்கான வழியை எஸ்எஸ்டி முடிந்ததும் சொல்கிறேன்.

உங்கள் மெஷினில் எது உட்காரும்

எஸ்எஸ்டியில் மூன்று வகை. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க் காலத்து இணைப்பு முறை, என்விஎம்இ அதற்குப் பிறகு வந்த வேகமான முறை, எம்.2 என்பது போர்டில் நேராகச் செருகும் ஸ்லாட். பழைய டிஸ்க்கின் அதே அளவில், அதே கனெக்டரில் போய் உட்காரும் 2.5 இன்ச் சாட்டா. சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 சாட்டா. பார்ப்பதற்கு அதேபோல் இருந்தாலும் வேறு வழியில் பேசும் எம்.2 என்விஎம்இ.

வேகக் கணக்கில் சாட்டா நொடிக்கு 550 எம்பியோடு நின்றுவிடும். என்விஎம்இயில் மூன்றாம் தலைமுறை 3500 எம்பி வரை, நான்காம் தலைமுறை 7000 எம்பி வரை. இந்த எண்களைப் பார்த்துத்தான் பலர் குழம்புகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் வீட்டில் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், பெரிய வீடியோ ஃபைல்களைக் காப்பி செய்யாதவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பிரவுசர் திறப்பது, எக்ஸெல், டேலி, ஆன்லைன் கிளாஸ் எல்லாம் குட்டி ஃபைல் வேலைகள். அவற்றில் இரண்டுமே வேகம்தான். ஆகவே எம்.2 ஸ்லாட் இல்லையே என்று லேப்டாப்பையே மாற்ற நினைக்க வேண்டாம். எம்.2 ஸ்லாட் இருந்து, விலையும் ஒன்றாக இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். அதில் இன்னொரு லாபம், 2.5 இன்ச் இடம் காலியாகவே மிஞ்சும்.

ஸ்லாட் இருக்கிறதா என்பதைக் கழற்றாமலே தெரிந்துகொள்ளலாம். அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு லெனோவோ என்றால் அதன் மாடல் விவரங்கள் இருக்கும் பிஎஸ்ரெஃப் (PSREF) தளத்திலும், ஹெச்பி என்றால் அந்த மாடலின் சர்வீஸ் கைடிலும், டெல் என்றால் ஓனர்ஸ் மேனுவலிலும் பாருங்கள். ஒரே பெயரில் வந்த லேப்டாப்பிலேயே ஒரு பேட்சில் ஸ்லாட் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சில மலிவு போர்டுகளில் எம்.2-வுக்கு இடம் அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் கனெக்டரையே பற்றவைத்திருக்க மாட்டார்கள். ஆகவே "என் ஃபிரெண்டோட லேப்டாப்பும் இதே கம்பெனிதான், அதுல இருக்கு" என்பதை வைத்து ஆர்டர் போடக்கூடாது.

பட்டையின் ஓரத்தில் வெட்டு இருக்கும். சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் ஒன்று. இந்த வெட்டு உள்ளே நுழையுமா என்பதை மட்டும்தான் சொல்லும், வேலை செய்யுமா என்பதைச் சொல்லாது. இரண்டு வெட்டுள்ள சாட்டா பட்டை என்விஎம்இ ஸ்லாட்டில் அழகாக நுழைந்து, திருகும் மாட்டி, கடைசியில் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அமைப்பு) தெரியாமல் போகலாம். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். சில லெனோவோ மெஷின்களில் 2242-க்குத்தான் இடம் இருக்கும். அதோடு பட்டையின் நுனியை இறுக்கும் அந்தச் சின்னத் திருகு காலி ஸ்லாட்டுகளில் பல நேரம் இருக்கவே இருக்காது. வாங்கும்போதே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செல்லோடேப் போட்டு ஒட்டித் தருகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

2018, 2019-ல் '4 ஜிபி ராம் + 16 ஜிபி ஆப்டேன்' என்று விளம்பரம் செய்து விற்ற லேப்டாப்கள் நினைவிருக்கிறதா? உங்களுடையது அதில் ஒன்றானால் நல்ல செய்தி. அந்த 16 ஜிபி ஆப்டேன் உட்கார்ந்திருப்பதே என்விஎம்இ பேசும் எம்.2 ஸ்லாட்டில்தான். ஹார்ட் டிஸ்க்கின் மெதுவை மறைக்க இன்டெல் செய்த ஏற்பாடு அது. 2022-ல் அந்தத் தொழிலையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதைக் கழற்றிவிட்டு முழு எஸ்எஸ்டியைப் போடலாம். ஒரே நிபந்தனை, கழற்றும் முன் விண்டோஸுக்குள் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருளைத் திறந்து ஆப்டேனை டிசேபிள் செய்துவிட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கும் ஆப்டேனும் ஜோடியாகச் சேர்ந்து இயங்குவதால், அப்படியே பிடுங்கினால் பழைய டிஸ்க்கில் இருப்பதை எடுக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

2.5 இன்ச் வாங்குகிறீர்கள் என்றால் இவ்வளவு தலைவலி இல்லை. இந்த வகை எஸ்எஸ்டிகள் 7 மிமீ தடிமன். உங்கள் பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தையோ, இல்லையென்றால் ஒரு அட்டைத் துண்டையோ வைத்தால் ஆடாது. பழைய டிஸ்க்கின் நான்கு பக்கமும் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தை மறக்காமல் கழற்றிப் புதியதில் மாட்டுங்கள்.

ஜிபி எவ்வளவு, உள்ளே என்ன

முதலில் சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் திறந்து எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். 1 டிபி டிஸ்க்கில் 180 ஜிபிதான் பயன்படுத்தியிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதற்காக 256 ஜிபி போதும் என்று முடிவு செய்யவும் மாட்டேன். 256 என்று வாங்கினால் விண்டோஸ் காட்டுவது 238. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் சேர்ந்து ஐம்பது, அறுபது ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் எழுதும் வேகம் குறையாமல் இருக்கும். போதாததற்கு, குறைந்த ஜிபி மாடலில் சிப்புகளும் குறைவு என்பதால் ஒரே பிராண்டின் 500-ஐவிட 250 மெதுவாக எழுதும். வீட்டு உபயோகத்துக்கு 500 ஜிபிதான் என் அளவு. டிசைன், எடிட்டிங் செய்பவர் 1 டிபிக்குப் போகலாம்.

அடுத்தது செல் வகை, அதாவது சிப்புக்குள் தகவல் சேமிக்கும் நுண் அறைகளின் வகை. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. க்யூஎல்சி மலிவு, ஆனால் ஒரே மூச்சில் நிறைய எழுதினால் வேகமான தற்காலிக இடமான கேஷ் நிரம்பியவுடன் வேகம் தடாலென விழும், சில மாடல்களில் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே வரும். தினமும் நூறு ஜிபி காப்பி செய்யாதவர்கள் இதைக் கவனிக்கப் போவதில்லை. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்ளும் டி-ராம் சிப் உள்ளதா இல்லாததா என்பதில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி தனக்கு டி-ராம் இல்லாவிட்டால் லேப்டாப்பின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும், சாட்டாவுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே என்விஎம்இயில் டி-ராம் இல்லாததை வாங்கக் கூச்சப்பட வேண்டாம். சாட்டாவில் பட்ஜெட் இடம் கொடுத்தால் டி-ராம் உள்ளதாகப் பார்க்கலாம்.

"எஸ்எஸ்டியில ரொம்ப எழுதினா தேஞ்சுபோயிடுமாமே?" என்று இன்னும் கேட்கிறார்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் எழுத்து உத்தரவாதம் 300 டிபி, வாரன்டி ஐந்து வருடம். ஒருவர் தினமும் 20 ஜிபி எழுதினால், அதுவே சாதாரண வீட்டுக்கு அதிகம், வருடத்துக்கு 7.3 டிபி. 300 டிபியைத் தொட நாற்பது வருடம். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், மெதுவாகும், சில ஃபைல்கள் திறக்காது, அதாவது நோட்டீஸ் கொடுக்கும். எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் நேற்று மாலை வரை நன்றாக ஓடியது இன்று காலை பயாஸிலேயே தெரியாது. டிலீட் செய்ததைத் திரும்ப எடுப்பதும் இதில் கிட்டத்தட்ட நடக்காது, ஏனென்றால் ட்ரிம் என்ற கட்டளை அந்த இடத்தை உடனே துடைக்கச் சொல்லிவிடுகிறது. ஆகவே எஸ்எஸ்டிக்கு மாறுபவர் கூடவே பேக்கப்புக்கும் ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் எந்தச் சமரசமும் நான் சொல்ல மாட்டேன்.

700 ஜிபிக்காரருக்கு

இப்போது அந்தக் கல்யாண வீடியோக்காரர். அவருக்கு மூன்று வழி. ஒன்று, எம்.2 ஸ்லாட் இருந்தால் அதில் 500 ஜிபி என்விஎம்இ போட்டு விண்டோஸை அங்கே ஏற்றிவிட்டு, ஆரோக்கியமாக இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை அதன் இடத்திலேயே டேட்டாவுக்கு வைத்துக்கொள்வது. நன்றாக இருக்கும் டிஸ்க்கை மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றுபவருக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

இரண்டு, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சட்டம் வைத்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டுவது. சட்டம் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்க வேண்டும். எஸ்எஸ்டியை டிஸ்க் இருந்த இடத்திலும் ஹார்ட் டிஸ்க்கை டிவிடி இடத்திலும் வையுங்கள், மாற்றி வைக்காதீர்கள். டிவிடிக்குப் போகும் சாட்டா வழி சில போர்டுகளில் வேகம் குறைந்தது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி மட்டும், வீடியோக்கள் எல்லாம் வெளியே ஒரு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில். பஸ்ஸில் மடியில் குலுங்கும்போது சுற்றிக்கொண்டிருக்கும் தட்டு எதுவும் உள்ளே இல்லை. எஸ்எம்ஆர், 5400 ஆர்பிஎம் எல்லாம் மாதம் ஒருமுறை காப்பி செய்து பீரோவில் வைக்கும் டிஸ்க்குக்குக் குறையே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கு இன்று சரியான இடம் அதுதான். ஆனால் அந்த ஒரே டிஸ்க்கில் மட்டும் கல்யாண வீடியோ இருந்தால் அதற்குப் பெயர் பேக்கப் இல்லை, இன்னொரு காப்பி வேறெங்காவது இருக்க வேண்டும்.

ரொம்பப் பழைய மெஷின்

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. ஆரம்ப பேட்ச்களில் விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். இவற்றுக்கு எம்.2 பேச்சே இல்லை, 2.5 இன்ச் சாட்டாதான். போர்டு பழைய சாட்டா 2 ஆக இருந்து வேகம் பாதியாகக் குறைந்தாலும் கவலை இல்லை, மேலே சொன்ன குட்டி ஃபைல் கணக்கில் அது உறைக்காது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. கிடைப்பதிலேயே மலிவான 240 ஜிபி, விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட், முடிந்தால் இன்னொரு ராம் துண்டு. குழந்தை டைப்பிங் பழகவும் பாட்டி யூடியூப் பார்க்கவும் இது போதும். இதற்கு மேல் இந்த மெஷினில் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன்.

மாற்றும்போது

டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்துவிட்டதென்றால் விண்டோஸின் செக் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள், முழுசாக குளோன் செய்யவும் (டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கவும்) உட்காராதீர்கள். முதலில் போட்டோ, சான்றிதழ், கணக்கு ஃபைல் என்று முக்கியமானதை மட்டும் பென் டிரைவில் எடுங்கள். திறக்கவே மாட்டேன் என்கிறதா, அணைத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுங்கள். சத்தம் இல்லாத டிஸ்க்கென்றால், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளிலும் சுழியம் இருந்தால் குளோன் செய்யலாம். சி5-ல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கைப் பிறகு பேக்கப்புக்குக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது.

குளோனா, புதிதாக விண்டோஸ் ஏற்றுவதா என்றால், நான் புதிதாக ஏற்றுவதன் பக்கம். எட்டு வருடக் குப்பையைப் புது வீட்டுக்கு எதற்குக் கொண்டுபோக வேண்டும்? விண்டோஸ் 10, 11-ன் லைசென்ஸ் போர்டோடு ஒட்டியிருப்பதால் நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். டேலி மாதிரி திரும்ப நிறுவச் சிரமமான மென்பொருள் இருப்பவர்கள் குளோன் செய்யுங்கள், அதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கினால் பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்எஸ்டியைப் புதிதென்று கொடுப்பதும் நடக்கிறது. மாட்டியவுடன் அதே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதிது என்றால் ஒற்றை இலக்கம்தான் இருக்கும். பெயரே கேள்விப்படாத பிராண்டில் 2 டிபி எஸ்எஸ்டி பாதி விலைக்குக் கிடைத்தால் உண்மையான அளவைச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) ஓட்டிப் பார்க்காமல் டேட்டா ஏற்ற வேண்டாம், உள்ளே 64 ஜிபி சிப்பை வைத்துப் பொய் சொல்லும் சரக்குகள் உலவுகின்றன.

பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். "அது செத்துப்போச்சு சார், எதுக்கு" என்பார். உங்களுக்குத் திறக்காத டிஸ்க் வேறொரு கைக்குத் திறக்கும். ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பெண்களின் போட்டோ எல்லாம் அதில் இருக்கின்றன. கையோடு வாங்கி வந்து, வேலை செய்கிறதென்றால் முழுதாக அழித்துவிடுங்கள், செய்யவில்லையென்றால் நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் திறந்து தட்டுகளை உடைத்துப் போடுங்கள். 2.5 இன்ச் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு சில்லாகத் தெறிக்கும். ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டு உடையுங்கள்.